கடலில் வைக்கச் சொன்ன துண்டு

என் அண்ணிக்கு ஒரு வியாதி உண்டு. கோணலாக ஒட்டிய டைல்ஸைப் பார்த்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. யார் வீட்டுக்குப் போனாலும் கை கழுவும் இடத்தில் நின்று சுவரைத் தடவிப் பார்ப்பாள். ஒரு டைல் மயிரிழை தூக்கியிருந்தால் போதும், முகம் சுருங்கிவிடும். "வந்த இடத்துல வாயை மூடிக்கிட்டு இருங்க அண்ணி" என்று இடுப்பில் கிள்ளி அழைத்து வருவேன். அங்கே மூடிக்கொண்டிருப்பாள். திரும்பி வரும் வழியெல்லாம் என் காதுதான் புண்ணாகும்.

எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நேரில் 'நீங்க, வாங்க' என்று மரியாதையாகப் பேசுவேன். மனதுக்குள் அவள், இவள்தான். அவள் என்னை 'வாயாடி' என்றுதான் கூப்பிடுவாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. பேருந்து நிலையத்தில் மைக்கைப் பிடித்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று காலை முதல் மாலை வரை கத்துவதுதான் என் வேலை. வாய்க்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

அண்ணி இந்த நாட்டில் பிறந்தவள் இல்லை. கல்யாணமாகி வெளிநாட்டிலிருந்து வந்தவள். நம் வீடுகளில் மருமகள் என்றாலே 'வந்தவள்'தான், பக்கத்துத் தெருவிலிருந்து வந்தாலும் சரி. இவளோ நாடு விட்டு நாடு வந்தவள். அதனால் இரண்டு மடங்கு வந்தவள். குடியுரிமை வாங்கி எத்தனையோ வருஷம் ஆயிற்று. பெற்ற மகள் கல்லூரிக்குப் போகிறாள். இருந்தும் பேச்சில் அந்தச் சின்ன இழுப்பு போகவில்லை. ஒரு வாக்கியம் பேசினால் போதும், எதிரே இருப்பவர் "எந்த ஊரு நீங்க?" என்று கேட்பார். "இதே ஊருதாங்க" என்பாள். "இல்ல, சொந்த ஊரு?" என்பார்கள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டைல்ஸ் ஒட்டுவது அவள் பிறந்த வீட்டுத் தொழில் இல்லை. அது என் அண்ணன் தொழில். ஒரு மாடி வீட்டுக்கு டைல்ஸ் பெட்டி தூக்கும்போது அண்ணனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மருத்துவர், இனி குனியக் கூடாது என்றுவிட்டார். குனியாமல் தரைக்கு எப்படி டைல்ஸ் ஒட்டுவது? அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். அண்ணிதான் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தையும் சாந்து பூசும் கரணையையும் எடுத்துப் பையில் போட்டாள். "நீங்க நாற்காலியில உக்காந்து சொல்லுங்க. நான் ஒட்டறேன்" என்றாள்.

முதல் குளியலறை சொதப்பல். வாட்டம் தப்பி, தண்ணீர் குழிக்குப் போகாமல் வாசலுக்கு ஓடியது. வீட்டுக்காரம்மா நல்லவர். ஒரு துடைப்பம் வைத்துக்கொள்கிறேன், விடுங்கள் என்றார். இவள் விடவில்லை. தரை முழுவதையும் உடைத்து, தன் கைக்காசு போட்டுத் திரும்ப ஒட்டினாள். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "அவங்களே பரவாயில்லங்கறாங்க, உனக்கென்ன?" "எனக்குப் பரவாயில்லைன்னு இல்லையே" என்றாள். பிடித்த பிடியை விடாத ஜன்மம். அதற்குப் பிறகு ஊரில் அவள் பெயரே 'டைல்ஸ் அக்கா' என்றாயிற்று.

இப்போது சுவருக்கு வருகிறேன். எங்கள் பேருந்து நிலையத்தைப் புதுப்பித்தபோது நுழைவாயிலில் ஒரு நீளச் சுவர் வெறுமையாக நின்றது. என் அறிவிப்பு அறைக்கு நேர் எதிரே. ஒரு விளம்பரக் கம்பெனி அதில் பல்பொடியோ சோப்போ எழுத நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது. எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் குறுக்கே நின்று தடுத்தார். மரச்சாமான் கடைக்காரர். மைக் கண்ட இடத்தில் அரைமணி நேரம் பேசாமல் விடமாட்டார். என் மைக்கையே அடிக்கடி பிடுங்கிக்கொள்வார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! ஆனாலும் அந்தச் சுவரைக் காப்பாற்றியவர் அவர்தான். அதை மறைக்க மாட்டேன்.

சுவரில் என்ன செய்யலாம் என்று நிலையத்திலேயே சங்கக் கூட்டம் போட்டார்கள். யோசனையைச் சொன்னவர் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். ஊரில் ஆளுக்கு ஒரு உடைந்த பீங்கான் துண்டு கொண்டுவர வேண்டும். தட்டு, கோப்பை, சாஸர் எதுவானாலும் சரி. எல்லாவற்றையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி, சுவர் முழுக்க நம் நாட்டு வரைபடம். அவரவர் துண்டை அவரவர் கையாலேயே, தன் ஊர் இருக்கும் இடத்தில் வைக்கலாம். கேட்கவே நன்றாக இருந்தது. ஒட்டித் தருவது யார் என்றதும் எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். "கூலி வேணாம். நம்ம சுவர்தானே" என்றாள். முகமெல்லாம் பல்.

அந்தப் பல்லைத் தலைவர் அதே கூட்டத்தில் மூட வைத்தார்.

"ஒரு சின்ன ஏற்பாடு" என்று என் மைக்கில் ஆரம்பித்தார். "இங்க பொறந்தவங்க துண்டெல்லாம் நிலத்துல. வெளியில இருந்து வந்தவங்க துண்டெல்லாம் சுத்தியிருக்கிற கடல்ல. அலை அலையா வந்தாங்கன்னு ஒரு அர்த்தமும் ஆச்சு. அழகாவும் இருக்கும். அவங்க அவங்க நாட்டு டிசைன் போட்ட பாத்திரமா இருந்தா இன்னும் சிறப்பு."

கை தட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், தட்டியவர்களில் பாதிப் பேருக்கு என்ன சொன்னார் என்றே தெரியாது.

அண்ணி எழுந்தாள். "நான் கடல்ல வரலீங்களே, பிளேன்ல வந்தேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார்.

"அது ஒரு அடையாளம்தாம்மா."

"என் வீட்டுக்காரரு?"

"நிலம்."

"என் பொண்ணு?"

"இங்கதானே பொறந்தா? நிலம்."

"நான்?"

தலைவர் கொஞ்சம் நெளிந்தார். "நீங்க கடல்ல. உங்களுக்காக வேணா கரையோரமாவே வெச்சுக்கலாம்."

பெற்ற பெண் கரையில், பெற்றவள் கடலில். எனக்கு வந்த கோபத்துக்கு மைக் வயரைப் பிடுங்கியிருப்பேன். அண்ணி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். எங்கள் பக்கத்தில் சலூன்காரர் இருந்தார். அவரும் வெளியிலிருந்து வந்தவர். "எங்க வெச்சா என்ன டைல்ஸ் அக்கா? சுவர்ல இருந்தா சரி" என்றார். அவருக்கு அடுத்து அரசு மருத்துவமனை நர்ஸம்மா. அவரும் வந்தவர்தான். அவர் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி அலமாரியிலிருந்து ஒரு உடைந்த தட்டை எடுத்து மேசையில் வைத்தாள். வெள்ளைத் தட்டு, ஓரத்தில் பழுப்புக் கோடு. தன் முதல் கூலியில் கடைத்தெருவில் வாங்கிய செட்டில் ஒன்று. ஊரில் பாதி வீட்டில் அதே தட்டுதான் இருக்கும்.

"உங்க நாட்டு டிசைன் வேணுமாம்ல?" என்றார் அண்ணன், சூழ்நிலை புரியாமல்.

"நான் கொண்டுவந்தது ரெண்டு எவர்சில்வர் டம்ளர். அதை எப்படி உடைக்கிறது, நீங்களே சொல்லுங்க."

"சரி விடு. ஒரு சுவர்தானே."

"சுவரை வெச்சே சோறு திங்கிற மனுஷன் சொல்ற பேச்சா இது?"

அண்ணன் முதுகு வலியை ஞாபகப்படுத்திக்கொண்டு உள்ளே போனார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். "அண்ணி, இதுக்கு எதுக்கு மண்டையை உடைச்சுக்கணும்? ஒட்டப் போறது நீங்க. இந்தத் துண்டை நைசா நிலத்துல சொருகிடுங்க. எல்லாத் தட்டும் ஒரே மாதிரி. எவன் கண்டான்?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "என்ன வாயாடி, இத்தனை வருஷம் இங்க இருந்துட்டு நான் திருட்டுத்தனமா நுழையணுமா? எல்லாரையும் மைக்ல கூப்பிட்டுத்தானே வைக்கப் போறாங்க? என்னையும் கூப்பிடட்டும். அப்புறம் வைக்கிறேன்."

"கூப்பிடலைன்னா?"

"கூப்பிடற வரைக்கும் இது என் பையில இருக்கும்."

தட்டில் கோடு தெரியும்படி ஒரு துண்டைக் குறடால் வெட்டி, துணியில் சுற்றி, ரசமட்டத்தோடு பையில் போட்டாள். அன்று முதல் எனக்கும் அது ஒரு பிடிவாதம் ஆகிவிட்டது. நானே மைக்கில் கூப்பிட்டுவிடுகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். "நீ கூப்பிட்டா அது வீட்டு விஷயம். ஊரு கூப்பிடணும்" என்றுவிட்டாள்.

வேலை தொடங்கியது. சுவரில் ஒவ்வொரு துண்டாக ஒட்டினால் ஒருவர் ஒட்டும்வரை மற்றவர்கள் வெயிலில் நிற்க வேண்டும். அண்ணி ஒரு வழி சொன்னாள். குளியலறைக்கு வரும் பொடி டைல்ஸ் தெரியுமல்லவா? முகத்தில் காகிதம் ஒட்டி, பாய் மாதிரி வரும். காகிதத்தோடு சுவரில் பதித்து, சாந்து பிடித்த பிறகு நனைத்து உரிப்பார்கள். அதே மாதிரி செய்யலாம் என்றாள். காத்திருப்போர் கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, பழுப்புக் காகிதம் விரித்தோம். டிராயிங் மாஸ்டர் நாட்டின் படத்தை அழகாக வரைந்தார். மேற்கே மூக்கு மாதிரி நீண்ட முனை, அதன் அடியில் துறைமுகம், கிழக்கே மலை. வந்தவர்கள் துண்டின் முகத்தில் மைதாப் பசை தடவிக் காகிதத்தில் கவிழ்த்து ஒட்டினார்கள்.

தலைவர் ஒவ்வொருவராக மைக்கில் கூப்பிட்டார். "துறைமுகத்துக்காரர், டிரைவர் அண்ணன், வாங்க!" "மலைப்பக்கம், தையல்கார அம்மா, வாங்க!" கூப்பிடப்பட்டவர்கள் மேடைக்குப் பரிசு வாங்கப் போகிறவர்களைப் போல முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்தார்கள். அண்ணன் வைத்தார். நான் வைத்தேன். அண்ணியின் மகள் வைத்தாள். வைத்துவிட்டு அம்மாவைப் பார்க்காமல் வேகமாகப் போய்விட்டாள்.

கடல்காரர்களைக் கூப்பிடவில்லை. "கடல் துண்டெல்லாம் டைல்ஸ் அக்காகிட்ட குடுத்துடுங்க, அவங்களே வெச்சுடுவாங்க" என்று ஒரு பிளாஸ்டிக் பேசினைக் காட்டினார் தலைவர். சலூன்காரர் ஒரு நீலக் கிண்ணத்துண்டைப் போட்டுவிட்டுப் போனார். நர்ஸம்மா டியூட்டிக்குப் போகிற அவசரத்தில் ஒரு துண்டை வைத்துவிட்டு, இரண்டடி போய், திரும்பி வந்து, அதை மற்றவற்றிலிருந்து தள்ளி ஓரமாக வைத்துவிட்டுப் போனார். அண்ணி அந்த பேசினை மேசைக்கு அடியில் தள்ளினாள். "கடலைக் கடைசியில பாத்துக்கலாம்" என்றாள்.

காகிதத்தைப் பாளம் பாளமாக வெட்டி, எண் போட்டு, ஒரு முழு நாள் சுவரில் பதித்தாள். பலகை பிடிக்க நானும் மாஸ்டரும். நாற்காலியில் இருந்தபடி அண்ணன் 'இடது, வலது, மேலே' என்று உயிரை வாங்கினார். சுவர் முழுக்கப் பழுப்புக் காகிதமாக நின்றது. மறுநாள் காலை உரிப்பது என்று ஏற்பாடு. தலைவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். பயணிகள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள்.

அண்ணி பஞ்சால் நனைத்து உரிக்க ஆரம்பித்தாள். பூக்கள் வந்தன, கோடுகள் வந்தன, தங்க விளிம்பு வந்தது. ஆகா ஓகோ என்று ஒரே சத்தம். காகிதம் முழுவதும் உரிந்ததும் சத்தம் மெல்ல அடங்கியது. எங்கேயோ ஏதோ சரியில்லை. என்ன என்று யாருக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. டிரைவர் அண்ணன்தான் கேட்டார். "என்னங்க இது, எங்க துறைமுகம் அந்தப் பக்கம் போயிருக்கு?"

நாடு திரும்பி நின்றது. மூக்கு கிழக்கே, மலை மேற்கே. மேசையில் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கவிழ்த்து ஒட்டிய துண்டுகளைச் சுவரில் திருப்பிப் பதித்தால் இடம் வலமாகும், வலம் இடமாகும். படத்தையே முதலில் திருப்பி வரைந்திருக்க வேண்டும். குளியலறைத் தரைக்கு இடம் ஏது, வலம் ஏது? அண்ணிக்கு அது தோன்றவே இல்லை.

சுவரை வெறித்துப் பார்த்தாள். கையிலிருந்த பஞ்சு சொட்டிக்கொண்டே இருந்தது.

தலைவர் மைக் இல்லாமலேயே உரக்கச் சொன்னார். "இதுக்குத்தான் நான் சொன்னேன். இந்த மண்ணுல பொறந்தவங்களா இருந்தா இப்படி ஒரு தப்பு வருமா? நாடு எந்தப் பக்கம் பாக்குதுன்னு தெரிஞ்சாத்தானே?"

வெந்த புண்ணில் வேல். என்னால் முடியவில்லை. அறையிலிருந்து இறங்கி வந்துவிட்டேன். "ஏன், மாஸ்டர் இந்த மண்ணுல பொறக்கலியா? அவர் பக்கத்துலதானே நின்னாரு? நீங்க பொறக்கலியா? மைக்கைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு மேசை மேலயேதானே கிடந்தீங்க? உங்க கண்ணுக்கு மூக்கு தெரிஞ்சுதா?"

"என் மேலயும் தப்பு இருக்கு" என்றார் மாஸ்டர், பாவம், தலைகுனிந்து.

"இல்ல மாஸ்டர்" என்றாள் அண்ணி. அந்த இழுப்போடு, நிதானமாக. "நீங்க சரியாத்தான் வரைஞ்சீங்க. வழி சொன்னது நான். தப்பு என்னோடது. எங்க பொறந்தேங்கிறதோட தப்பு இல்ல, என்னோட தப்பு. பிரிச்சு நானே ஒட்டறேன்."

"எப்போ ஒட்டுவீங்க? அடுத்த வாரம் திறப்பு. அதுக்குள்ள முடியலைன்னா சுண்ணாம்பு அடிச்சு விளம்பரக் கம்பெனிக்கே விட்டுடுவேன். அவன் இன்னும் நடையா நடக்கறான்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் போனார். அவருக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அந்தச் சுவருக்காக அவரும் அலைந்திருந்தார். அப்போது எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. போய்த் தொலையட்டும் என்றுதான் இருந்தது.

அண்ணி முந்தானையைச் செருகிக்கொண்டாள். "சாந்து இன்னும் முழுசா இறுகல. இப்பவே ஆரம்பிச்சா துண்டு உடையாம வரும்" என்று கரணையை எடுத்துச் சுவரின் மூலையில் கொடுத்தாள். யாரும் ஒன்றும் சொல்வதற்குள் முதல் துண்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது.

அந்த வாரம் அவள் எப்போது சாப்பிட்டாள், எப்போது உட்கார்ந்தாள் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு துண்டையும் பெயர்த்து, தண்ணீரில் ஊறப் போட்டு, முதுகில் இருந்த சாந்தைச் சுரண்டி, சுத்தம் செய்து வைக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் தோல் போயிற்று. "கையுறை போடுங்க அண்ணி" என்றால், "கையுறை போட்டா விளிம்பு தெரியல" என்பாள். இடையிடையே வண்டி அறிவித்துக்கொண்டே நானும் சுரண்டினேன். ஒரு தடவை மைக்கை அணைக்க மறந்து, "இந்தச் சனியன் வரமாட்டேங்குதே" என்று நான் ஒரு கோப்பைத் துண்டைத் திட்டியதைக் கேட்டு, வடக்கே போகிற வண்டிக்காகக் காத்திருந்தவர்கள் டிப்போவுக்குப் புகார் சொல்லப் போய்விட்டார்கள்.

இரண்டாம் நாள் சலூன்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு தையல்கார அம்மா, டிரைவர் அண்ணன் என்று வேலை முடிந்தவர்கள் வரத் தொடங்கினார்கள். வராமல் என்ன செய்வார்கள்? எல்லாத் துண்டும் ஒன்றாகக் கலந்து கிடந்தது. தன்னுடையது எது என்று தானேதான் வந்து பொறுக்க வேண்டும். அந்தப் பழுப்புக் கோடு போட்ட வெள்ளைத் துண்டுகளுக்கு நடந்த சண்டையை வைத்து ஒரு நாடகமே போடலாம். "இது என்னோடது, பாருங்க, இந்தக் கீறல் என் மருமக போட்டது." "அந்தக் கீறல் எங்க வீட்டுலயும் போடுவாங்கம்மா!" கடைசியில் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். துண்டு வைக்கும்போது தங்களை மைக்கில் கூப்பிடச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். நானும் கூப்பிட்டேன்.

இந்தத் தடவை நேராகச் சுவரிலேயே வேலை. மாஸ்டர் சுவரில் சுண்ணக்கட்டியால் படத்தை வரைந்தார். வரைந்துவிட்டு எட்டிப் போய்ப் பார்த்தார், கிட்ட வந்து பார்த்தார். மூக்கு எந்தப் பக்கம் என்று வழியில் போகிற நாலு பேரைக் கேட்டார். அண்ணி ஒவ்வொருவர் துண்டின் முதுகிலும் சாந்து தடவிக் கொடுப்பாள். அவர்கள் வைப்பார்கள். இவள் கரணைப் பிடியால் இரண்டு தட்டு தட்டுவாள். அவ்வளவுதான், அடுத்த ஆள். கூட்டம் நின்றபோதெல்லாம் அவள் கை மட்டும் நிற்கவில்லை.

தலைவர் வரவில்லை. அவருடைய துண்டு தங்க விளிம்பு வைத்த சாஸர், ஊரிலேயே ஒன்றுதான். அது எங்கே கிடந்தாலும் தெரியும். அதைத் தனியாகக் கழுவித் துடைத்து, காகிதத்தில் சுற்றி வைத்தாள். "ஆளையே காணோம். நீங்களே ஒட்டிடுங்களேன்" என்றேன். "அவங்க அவங்க கையாலதான் வைக்கணும். அதுதானே பேச்சு" என்றாள். அவர் பிறந்த ஊர் இருக்கும் இடத்தைக் காலியாக விட்டாள்.

காலி இடம் அது ஒன்று மட்டும் இல்லை என்பதை நான் பிறகுதான் கவனித்தேன். நிலத்தின் நடுவில் அங்கங்கே பொத்தல் பொத்தலாக இருந்தது. ஒன்று அவள் மகளின் துண்டுக்குப் பக்கத்தில். கடலில் நீலமும் பச்சையுமாக, கடைகளில் பொறுக்கிய உடைசல்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் பேசின் மேசைக்கு அடியிலேயே இருந்தது. நான் கேட்டேன். அவள் சாந்து கலக்கப் போய்விட்டாள். நானும் விட்டுவிட்டேன். அதுவே எனக்குப் பெரிய சாதனை.

திறப்பு நாள் காலை. மூக்கு மேற்கே, மலை கிழக்கே. நாடு ஒழுங்காக நின்றது. கூட்டம் நிலையத்துக்கு வெளியே வரை வழிந்தது. தலைவர் வந்தார். தூரத்தில் நின்று பார்த்தார். முகம் இளகிக்கொண்டு வந்தது. கிட்ட வந்ததும் பொத்தல்களைப் பார்த்துவிட்டார். "இன்னும் முடியலியா?" என்று அண்ணியிடம் கேட்டார். அன்றைக்குக் கத்தியவர் மாதிரி இல்லை, மெதுவாகத்தான் கேட்டார். "துண்டு பத்தலியாம்மா? வெள்ளையா எதையாவது வெச்சு அடைச்சுடுங்களேன். யாரு பாக்கப் போறாங்க?"

அண்ணி விறுவிறுவென்று என் அறைக்குள் வந்தாள். கை முழுக்கச் சாந்து.

"அந்த மைக்கைக் குடு."

"நான் கூப்பிடறேன் அண்ணி, சொல்லுங்க, இப்பவே உங்களைக் கூப்..."

"குடு வாயாடி."

கொடுத்தேன். அவள் வாழ்நாளில் மைக்கைத் தொட்டதில்லை. வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள். அது நிலையம் முழுக்கக் கேட்டது. பிறகு அந்த இழுப்போடு பேசினாள்.

"தலைவரே, வாங்க. உங்க இடம் காலியா இருக்கு. சாந்து கலந்து வெச்சிருக்கேன், காய்ஞ்சுடப் போகுது. சீக்கிரம் வாங்க."

தலைவரை யாரும் மைக்கில் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவர்தான் ஊரைக் கூப்பிடுவார். இடது வலது தெரியாமல் நின்றுவிட்டார் மனிதர். டிரைவர் அண்ணன் முதுகில் மெல்லத் தள்ளிவிட்டார். அண்ணி இறங்கிப் போய், காகிதத்தைப் பிரித்து அந்தத் தங்க விளிம்புத் துண்டை எடுத்து, முதுகில் சாந்து தடவி அவர் கையில் வைத்தாள்.

"என்னோடதா?" என்றார். "இதை இன்னும் வெச்சிருந்தீங்களா?"

"உங்க துண்டை நான் என்ன பண்ணுவேன்? வைங்க. நல்லா அழுத்தி வைங்க."

வைத்தார். கோணலாக வைத்தார். அவள் பொறுக்காமல் இழுத்து நேராக்கி, இரண்டு தட்டு தட்டினாள். அவர் இஸ்திரி சட்டையில் சாந்து வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அண்ணி மகளின் துண்டுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மற்ற இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேசைக்கு அடியில் இருந்த பேசினைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. சாந்துக் கையோடு என் அறைப் பக்கம் திரும்பினார்.

"இருங்கம்மா" என்றார். "நான் போய் மைக்ல உங்களைக் கூப்பிடறேன்."

இத்தனை நாள் இதற்குத்தானே காத்திருந்தோம்? மைக்கைத் துடைத்து நீட்டத் தயாராக நின்றேன்.

அண்ணி பையைத் திறந்தாள். துணியைப் பிரித்தாள். பழுப்புக் கோடு போட்ட அந்தத் துண்டை எடுத்து, முதுகில் சாந்து தடவினாள்.

"வேணாம் தலைவரே" என்றாள். "இப்பத்தான் உங்களையே வாங்கன்னு நான் கூப்பிட்டேன். என் வீட்டுக்குள்ள போறதுக்கு என்னை யாரு கூப்பிடணும்?"

சொல்லிவிட்டு, மகளுக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்க, அதைப் பதித்தாள். கரணையால் தட்டவில்லை. உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே நின்றாள். மகள் ஓடி வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கண் மறைத்தது. அழுதேன், வெட்கமென்ன?

"கையை எடு" என்றார் அண்ணன் நாற்காலியிலிருந்து. "பிடிச்சிருச்சு. இனிமே விழாது."

"தெரியும்" என்றாள். ஆனால் கையை எடுக்கவில்லை. முகத்தை மட்டும் கூட்டத்தின் பக்கம் திருப்பி, மைக் இல்லாமலேயே, கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"நர்ஸம்மா, எங்க நிக்கறீங்க? வாங்க, வாங்க. அடுத்தது நீங்க."